உஷார்! ஆகஸ்டிலேயே தொலையும் செமஸ்டர்

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் முதுநிலை வகுப்பில் சேர்ந்திருப்பவர்கள், கையில் இருக்கும் வேலையைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு இதைப் படித்துவிடுங்கள். நவம்பர் கடைசியில், ஜூரிக்கு முந்தின ராத்திரி, பிளாட்டர் கடை வரிசையில் நின்றுகொண்டு ‘இன்னும் ஒரு வாரம் கிடைச்சிருந்தா பின்னியிருப்பேன்’ என்று ஒவ்வொரு பேட்ச்சும் புலம்புகிறது. அந்த ஒரு வாரம் நவம்பரில் தொலைவதில்லை. ஆகஸ்டில் வாட்ஸ்அப் குழு தொடங்கி, ‘நீ மண்ணு, நான் தண்ணி, அவ மரம், அவன் க்ளைமேட்’ என்று பங்கு பிரித்தீர்களே, அன்றைக்கே போய்விட்டது. பிரித்த அன்று எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதிதான் ஆபத்து.

ஜூரியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வருடா வருடம் முகங்கள் மாறுகின்றன, கவிழும் இடம் மட்டும் மாறுவதில்லை.

நம் நாட்டில் இந்தப் படிப்பு பெரும்பாலும் ஐந்து வருட பி.ஆர்க். முடித்த பிறகு வரும் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு. அதனால் உள்ளே நுழையும்போதே ‘ஸ்டூடியோ நமக்குத் தெரியாததா’ என்ற தெனாவட்டு கொஞ்சம் இருக்கும். ஆனால் பி.ஆர்க்.கில் பழகியது பெரும்பாலும் தனி ஆவர்த்தனம்: ஒரு மனை, ஒரு கட்டடம், ஒரு ஆள். இங்கே மனை என்று கொடுப்பது பல நூறு ஏக்கர் சதுப்பாக இருக்கும், இல்லையென்றால் ஆற்றங்கரையில் நாலு கிலோமீட்டராக இருக்கும். தனியாளாக அதை அளக்கவும் முடியாது, புரிந்துகொள்ளவும் முடியாது. ஆகவே பல கல்லூரிகளில் முதல் ஐந்தாறு வாரம் குழுவாகக் கள ஆய்வு, அதற்கப்புறம் அவரவர் டிசைன் என்று வைத்திருக்கிறார்கள். மதிப்பெண்ணில் பெரும்பங்கு அந்த இரண்டாவது பாதிக்குத்தான்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். குழு ஆய்வு ஆறு வாரத்தில் முடியாமல் எட்டாகி ஒன்பதாகும்போது, ஆய்வுக்கான மார்க்கில் பெரிதாக எதுவும் குறையாது. ‘நல்லா உழைச்சிருக்காங்க’ என்று கூட்டித்தான் போடுவார்கள். வெட்டு விழுவது உங்கள் சொந்த டிசைனில். மூன்று வாரத்தைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, மீதி இருக்கும் ஆறேழு வாரத்தில் கான்செப்ட், மாஸ்டர் பிளான், கிரேடிங், நடவுத் திட்டம், டீடெயில் அத்தனையும் முடிக்க வேண்டும். குழுவின் தாமதம் தனி ஆளின் மார்க்கில் கழியும் என்பதை முதல் நாள் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஸ்டூடியோ மட்டும் என்றால்கூடச் சமாளிக்கலாம். தாவரங்கள் பாடத்தில் ஹெர்பேரியம் மூன்று பேர் சேர்ந்து, சூழலியலில் செமினார் இரண்டு பேர், சைட் இன்ஜினியரிங்கில் கணக்கு நாலு பேர் என்று ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆட்களோடு மாட்டியிருப்பீர்கள். நாலு குழு, நாலு வாட்ஸ்அப். ஒவ்வொரு குழுவும் நீங்கள் முழுக்க அவர்களுடைய ஆள் என்று நம்பிக்கொண்டிருக்கும். பாடம் எடுக்கிறவர்களுக்கோ அடுத்தவர் சப்மிஷன் தேதி தெரியாது. தெரியாது என்பதை அப்படியே நம்புங்கள், அதில் சதி எதுவும் இல்லை. இரண்டாவது வாரத்துக்குள் எல்லாத் தேதியையும் ஒரே சார்ட்டில் எழுதி ஸ்டூடியோ சுவரில் ஒட்டுங்கள். மூன்று சப்மிஷன் ஒரே வாரத்தில் வந்து முட்டுவது அப்போதே தெரியும். வகுப்புப் பிரதிநிதியைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். இரண்டாவது வாரத்தில் கேட்டால் தேதியை நகர்த்துவார்கள், பத்தாவது வாரத்தில் கேட்டால் அது சாக்கு.

இனி, பங்கு பிரிப்பதன் பின்னால் இருக்கும் பள்ளத்துக்கு வருகிறேன்.

மண், நீர், தாவரம், தட்பவெப்பம், நிலப் பயன்பாடு என்று ஆய்வைப் படலங்களாகப் பிரிக்கும் பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் இயன் மெக்ஹார்க். 1969இல் வந்த ‘டிசைன் வித் நேச்சர்’ புத்தகத்தில், ஊடுருவிப் பார்க்கும் தாள்களில் ஒவ்வொரு தகவலையும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கும் முறையை விளக்கினார். அடுக்கிப் பார்த்தால்தான் எங்கே கட்டலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்பது தெரியும். நம் பிள்ளைகள் தாள்களைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அடுக்குகிற வேலை யாருக்கும் ஒதுக்கப்படுவதில்லை. அது ‘கடைசியில் எல்லாரும் சேர்ந்து பண்ணிக்கலாம்’ என்ற கணக்கில் போய்விடுகிறது.

மெக்ஹார்கின் அடுக்கில் ஒரு வரிசையும் உண்டு. கீழே பாறை, அதன்மேல் நிலத்தடி நீர், மண், செடிகொடி, விலங்கு, எல்லாவற்றுக்கும் மேலே மனிதன். கீழே இருப்பது மேலே இருப்பதற்குக் காரணம் சொல்லும். களிமண் என்று தெரிந்தால்தான் தண்ணீர் ஏன் அங்கே தேங்குகிறது என்று புரியும், தேங்குவது தெரிந்தால்தான் அங்கே ஏன் சம்பங்கோரை நிற்கிறது என்று புரியும். ஆக, மண்காரருக்கும் மரக்காரருக்கும் ஒரே கெடு கொடுப்பதே தப்பு. மண்ணும் நீரும் முதலில் முடிய வேண்டும், மரம் அதற்குப் பிறகு. ஒரே தேதி கொடுத்தால் மரக்காரர் வேறு வழியில்லாமல் ஒரு பட்டியல் தயாரிப்பார். தாவரவியல் பெயர், தமிழ்ப் பெயர், உயரம், ஒரு படம் என்று பார்க்க அழகாக இருக்கும். அந்த மரம் ஏன் அங்கே நிற்கிறது என்ற ஒரு வரி மட்டும் அதில் இருக்காது.

ஜூரியில் இது வெடிப்பதைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கரணையையே எடுத்துக்கொள்வோம். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்பு, சென்னை மாணவர்களுக்கு மிகவும் பிடித்த களம். ஆறு பேர் கொண்ட குழு நிற்கிறது. பின்னால் பன்னிரண்டு ஷீட் பளபளக்கிறது. நடுவராக வந்தவர் ஒரு மதகைத் தொட்டு, ‘இதிலிருந்து தண்ணி எந்தப் பக்கம் போகுது?’ என்கிறார். ஐந்து தலைகள் ஒரே நேரத்தில் ‘தண்ணி’ப் பையனைத் தேடித் திரும்புகின்றன. அவனோ விட்டுப்போன ஒரு ஷீட்டைப் பிரிண்ட் எடுக்கக் கடைக்குப் போயிருக்கிறான். ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு, அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கு என்று வாயைத் திறந்து சொல்ல ஆள் இல்லை. ஆறு வாரம் அங்கே அலைந்தவர்கள் அத்தனை பேரும்! இதே ஆட்கள்தான் அடுத்த வாரம் தனித்தனியாக டிசைன் பண்ணி, ஆறில் மூன்று பேர் வாகன நிறுத்தத்தைக் கொண்டுபோய் நீர்ப்பாதையில் வைப்பார்கள்.

இதற்கு ஒரு மருந்து உண்டு, கசக்கும். வாரா வாரம் குழுவுக்குள் நடக்கும் கூட்டத்தில், ஒருவர் செய்த ஷீட்டை அவர் விளக்கவே கூடாது. மண் ஷீட்டை மரக்காரர் விளக்கட்டும், மர ஷீட்டை நிலப் பயன்பாட்டுக்காரர் விளக்கட்டும். திக்குகிற இடத்தில் செய்தவர் எடுத்துக் கொடுக்கட்டும். முதல் தடவை மகா கேவலமாக இருக்கும். மூன்றாவது தடவைக்குள் ஆறு பேர் தலைக்குள்ளும் முழுக் களமும் இறங்கிவிடும். உங்கள் தனி டிசைனுக்கு இதைவிடப் பெரிய மூலதனம் கிடையாது.

அடுத்த கண்ணிவெடி, பேஸ் மேப்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குழுக்கள் சண்டை போட்டுப் பிரிவது பெரும்பாலும் இங்கேதான். தமிழ்நாட்டின் ஊடாக 78 டிகிரி தீர்க்கரேகை ஓடுகிறது. யூடிஎம் கணக்கில் அதற்குக் கிழக்கே இருக்கும் சென்னை 44ஆம் மண்டலம், மேற்கே இருக்கும் கோவை 43. குழுவில் ஒருவர் பழைய கோவை ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து, அதே அமைப்பில் சென்னைத் தகவலை ஏற்றிவிடுவார். க்யூஜிஐஎஸ் திரையில் எல்லாம் சரியாகவே உட்காரும், ஏனென்றால் மென்பொருள் அதுவே திருத்திக் காட்டிவிடுகிறது. ஆட்டோகேடுக்கு ஏற்றுமதி செய்யும்போதுதான் இரண்டு வரைபடமும் பல நூறு கிலோமீட்டர் தள்ளித் தள்ளி விழும். அப்போது மணி ராத்திரி ஒன்று. ‘மச்சி, விடு, மூவ் பண்ணிக்கலாம்’ என்று யாரோ கண்ணளவில் இழுத்துவைப்பார். பார்வைக்குப் பொருந்தியதுபோல இருக்கும். உண்மையில் ஒரு டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும். ஒரு கிலோமீட்டர் போனால் இருபது மீட்டருக்கு மேல் விலகல். சாலை கால்வாயின் மேல் போகும், யாருக்கும் காரணம் தெரியாது.

கூடவே அலகுத் தகராறு. ஆர்க்கிடெக்ட்டாகப் பழகியவர்கள் மில்லிமீட்டரில் வரைவார்கள், சர்வேயர் மீட்டரில் தருவார். எக்ஸ்ரெஃப் கொண்டுவரும்போது ஒன்று ஆயிரம் மடங்கு சுருங்கிப் புள்ளியாகிவிடும். உயரத்திலும் இதே கதை: ஒருவர் கடல்மட்டத்திலிருந்து கணக்குப் போட்டிருப்பார், இன்னொருவர் களத்தில் ஒரு கல்லை 100.000 என்று வைத்துக்கொண்டு ஆட்டோ லெவல் பிடித்திருப்பார். இரண்டையும் ஒரே காண்டூர் வரைபடத்தில் சேர்த்தால் ஒரு மலை முளைக்கும்.

மலை என்றதும் ஞாபகம் வருகிறது. இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை இறக்கி, அதிலிருந்து அரை மீட்டர் காண்டூர் உருவாக்கித் தொங்கவிடும் பழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. அந்தத் தரவில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். ரேடார் பார்த்தது மரத்தின் உச்சியையும் கட்டடத்தின் கூரையையும் சேர்த்து. பிழையே சில மீட்டர் இருக்கும். நீலகிரிச் சரிவுக்கு அது உதவும். வேளச்சேரிபோல அரை மீட்டர் வித்தியாசத்தில் ஒரு தெரு முழுகி அடுத்த தெரு தப்பிக்கிற ஊரில், அது காட்டுகிற ‘மேடு’ ஓர் அபார்ட்மெண்ட்டாக இருக்கலாம். ஒரு நாள் வெயிலில் நின்று லெவல் எடுப்பதை மிச்சப்படுத்தப் போய், செமஸ்டர் முழுக்கப் பொய் நிலத்தில் டிசைன் பண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் வாரமே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மண்டலம், எந்த அலகு, உயரத்துக்கு எது அடிப்படை, மாஸ்டர் ஃபைலைத் தொடும் உரிமை யாருக்கு. அந்த ஒருவரைத் தவிர மற்றவர்கள் எக்ஸ்ரெஃப் ஆக மட்டுமே இழுக்க வேண்டும். சர்வாதிகாரம்தான். பரவாயில்லை.

வரையத் தெரிந்தவர்கள் நிறைந்த குழுவில் அலைவதற்கு ஆள் இருக்காது. கவனித்துப் பாருங்கள், ‘நான் ரெண்டர் பாத்துக்கறேன்’ என்று நாலு பேர் கை தூக்குவார்கள். புல வரைபடம் வாங்குவது, கல்லூரியிலிருந்து கடிதம் எழுதி வாங்கி வனத்துறை அனுமதிக்கு அலைவது, அலுவலர் இல்லாத நாளில் போய்த் திரும்பி வருவது, இதற்கெல்லாம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். இந்த வேலைகளுக்கு ஒரு கோடுகூட வரைய வேண்டாம். ஆனால் மற்ற எல்லா வேலையும் இவற்றுக்காகக் காத்திருக்கும். முதல் நாள் காலையிலேயே கடிதம் கிளம்ப வேண்டும். மூன்றாவது வாரத்தில் ஞாபகம் வந்தால், களத்துக்குள் கால் வைக்கும்போது மழைக்காலம் வந்திருக்கும்.

மழை இன்னொரு பெரிய விஷயம். நம் ஒற்றைப்படை செமஸ்டர் கள ஆய்வு நடப்பது ஜூலை, ஆகஸ்டில். வடகிழக்குப் பருவமழை வருவது அக்டோபரில். நீங்கள் அளந்து, படமெடுத்து, ‘காலி நிலம்’ என்று குறித்த இடம் நவம்பரில் ஏரி. வறண்ட மாதத்தில் ஒரே வாரத்தில் எல்லாக் களப் பயணத்தையும் முடித்துவிட்டு, அப்புறம் திரையைவிட்டு நகராத குழுக்களை நிறையப் பார்க்கலாம். அக்டோபரில் முதல் பெருமழை பெய்த மறுநாள் யாராவது இரண்டு பேர் போய்ப் பார்த்து வர வேண்டும் என்று இப்போதே காலண்டரில் குறித்துவையுங்கள். பக்கத்து டீக்கடைக்காரர் கையைக் காட்டி ‘இதுவரைக்கும் வரும் தம்பி’ என்று சொல்லும் உயரத்தை எந்தத் தரவுத்தளமும் தராது.

நடவுத் திட்டம் எப்போதும் வரிசையில் கடைசி, அதனால் எப்போதும் அவசரம். போன வருட அக்காவிடம் பட்டியலை வாங்கி ஒட்டுவது நடக்கிறது, மறுக்காதீர்கள். அந்த அக்காவின் களம் செம்மண்ணாக இருந்திருக்கும், உங்களுடையது உப்புத்தண்ணீர் ஏறும் களிமண். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களில் குல்மோஹர் போன்ற வெளியூர் மரங்கள் எத்தனை கிடந்தன என்று ஊரே பார்த்தது. இன்றைக்கும் ஷீட்டில் கடலோரச் சாலை நெடுக குல்மோஹர் பூத்துக் குலுங்குகிறது. ரெண்டரில் இன்னும் வேடிக்கை: மென்பொருள் நூலகத்தில் கைக்குக் கிடைத்த மேப்பிள் மரம் பல்லாவரத்தில் இலையுதிர்கால நிறத்தோடு நிற்கும்.

அப்புறம், வேலை செய்யாத ஆள். இதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். எனக்கு அதைவிடப் பயம், எல்லாவற்றையும் தானே செய்கிற ஆள். ‘அவங்க பண்ணா சரியா வராது’ என்று மற்றவர்களின் ஷீட்டையும் ராத்திரியில் திருத்துகிறவர். ஒன்பதாவது வாரத்தில் படுத்துவிடுவது அவர்தான், அவர் படுத்ததும் ஃபைல் எங்கே இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது. நழுவுகிற ஆளைப் பொறுத்தவரை, கோபம் வேண்டாம், தேதி வேண்டும். மூன்றாவது வாரத்துக்குள் என்ன கேட்டோம், எப்போது தருவதாகச் சொன்னார், என்ன வந்தது என்ற மூன்று வரியோடு ஆசிரியரிடம் போங்கள். சில சமயம் அவர் வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருப்பார், பகுதிநேர வேலை இருக்கும், ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஜூரி அன்று எல்லோர் முன்னாலும் போட்டுக் கொடுப்பது மட்டும் வேண்டாம். நடுவர்களுக்கு அது பிடிப்பதே இல்லை.

பெயர் விஷயத்திலும் விழிப்பு வேண்டும். இந்தத் துறையின் மிகப் பெரிய குழு ப்ராஜெக்ட்டே இரண்டு பேர் செய்ததுதான். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கு 33 வரைவுகள் வந்த போட்டியில் 1858இல் வென்றவர்கள் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட்டும் கால்வர்ட் வாக்ஸும். ஓம்ஸ்டெட் அந்த நிலத்தில் மேற்பார்வையாளர், ஒவ்வொரு பாறையும் அவருக்குத் தெரியும். வரையத் தெரிந்த ஆர்க்கிடெக்ட் வாக்ஸ். பகல் வேலை முடிந்து, இரவுகளில் வாக்ஸின் வீட்டில் உட்கார்ந்து வரைந்தார்கள். வென்ற பிறகு தலைமைப் பதவி ஓம்ஸ்டெட்டுக்குப் போனது, வாக்ஸ் அவருக்குக் கீழே. அந்த வருத்தம் வாக்ஸுக்கு வெகுகாலம் ஆறவில்லை. இன்றும் பூங்காவின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவது ஒரு பெயர்தான். உங்கள் குழு ஷீட் ஒவ்வொன்றின் மூலையிலும் யார் அளந்தது, யார் வரைந்தது என்று அப்போதைக்கப்போது எழுதிவிடுங்கள். வேலைக்குப் போகும்போது ஆறு பேர் போர்ட்ஃபோலியோவிலும் அதே ஷீட் ‘என் வேலை’ என்று இருக்கும். சென்னையில் லேண்ட்ஸ்கேப் அலுவலகங்கள் ஒன்றும் ஆயிரக்கணக்கில் இல்லை, எல்லாம் ஒரே மேஜைக்கு வந்து சேரும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட அவசரமானது. நைட் அவுட்.

ஆர்க்கிடெக்சர் கல்லூரிகளில் விடிய விடிய விழிப்பது ஒரு பட்டம்போல. ‘மூணு நாளா தூங்கல’ என்று சொல்லும்போது குரலில் ஒரு பெருமை வரும். 1997இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் செயல்பாடு, ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் நிலைக்குச் சரிந்துவிடுகிறது என்று காட்டியது. 24 மணி நேரமானால் ஏறத்தாழ 0.10. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03. ஒரு சொட்டு குடிக்காமலேயே வரம்பைத் தாண்டியவரின் கையோடு, காலை எட்டு மணிக்கு, சுருட்டிய ஏ-0 ஷீட்டை முதுகில் மாட்டிக்கொண்டு, மாடலை முன்னால் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஓஎம்ஆரில் போகிறீர்கள். ஃபோம் போர்டு வெட்டும் கத்தியும் விடியற்காலை நாலு மணிக்கு அதே கையில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஆர்க்கிடெக்சர் மாணவர் அமைப்பு இந்த ஸ்டூடியோக் கலாசாரத்தைப் பற்றி 2002இல் தனி அறிக்கையே போட்டது. அதன் பிறகு அங்கே கல்லூரிகள் இதற்கென்று எழுத்துப்பூர்வமான கொள்கை வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. உங்கள் கல்லூரியில் அப்படி ஒரு தாள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வகுப்பே எழுதிக் கொடுக்கலாம்.

அதுவரைக்கும் ஜூரி நாளுக்கு மட்டும் ஓர் ஏற்பாடு. பிரிண்டை இரண்டு நாள் முன்னதாக, பகலில் எடுங்கள், கடையில் கூட்டமும் இருக்காது, நிறம் மாறினால் திருத்தவும் நேரம் கிடைக்கும். ஜூரியன்று காலை ஆறு பேரும் ஒரே காரிலோ ஷேர் ஆட்டோவிலோ போங்கள். ராத்திரி தூங்காத ஆள் வண்டி ஓட்டக் கூடாது, அவர் குழுத் தலைவராக இருந்தாலும் சரி. ஜூரி முடிந்து திரும்பும்போதும் இதே விதிதான். சாயங்காலம் அவர் விழித்து இன்னும் பத்து மணி நேரம் கூடியிருக்கும்.